களஞ்சியத்தில் உண்டு; களத்தில் இல்லை!

திருகோணமலையிலிருந்து குச்சவெளி நோக்கிச் செல்லும் வீதியில், நிலாவெளியைக் கடந்ததும் வருவது இறக்கக்கண்டி. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் களப்பு. இரண்டும் கலக்குமிடத்தில் ஒரு பாலம். மாலை வேளையில் அப்பாலத்தருகே நின்றால், கடலுக்குப் புறப்படும் தோணிகளின் ஆயத்தத்தைக் காணலாம். விடுமுறையில் ஒருநாள் மாணவன் ஒருவனுடன் அங்கே நின்றேன்.

வயதான மீனவர் ஒருவர் தமது தோணியில் வைத்திருந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நங்கூரம், கயிறு, குடிதண்ணீர், விளக்கு, எண்ணெய், வலை என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தவர், ஏதோ ஒன்று குறைவதாகக் கண்டு, பேரனைக் குடிசைக்கு ஓடவிட்டார். ஒரு சிறு கத்திக்காகத்தான் அத்தனை நேரம் காத்திருந்தார். மாணவன் சிரித்துக்கொண்டே, "வீட்டில் இருக்கிறதுதானே பெரியவர், ஒருநாள் இல்லாவிட்டால் என்ன?" என்றான்.

"கடலுக்குப் போனாப் பிறகு, கரையில கிடக்கிறது எங்கட சாமானில்லைத் தம்பி" என்றார் அவர்.

படிப்பறியாத அம்முதியவர் சொன்ன சொல், உலகத்துப் பெருஞ்சேனைகள் பல ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொடுத்தும் கற்க மறந்த பாடம் என்பதை அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன். போர்வீரனின் சப்பாத்தும், சட்டையும், மருந்தும், தோட்டாவும் அவனை எவ்வாறு வந்தடைகின்றன, எங்கே தடைப்பட்டு நின்றுவிடுகின்றன என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றேன். யுத்தத்தைப் போற்றுவது என் நோக்கமன்று. யுத்தம் என்றால் என்னவென்று அறிந்த மண்ணில் வாழ்பவர்கள் நாம். எனினும் எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் போர்வீரன் ஒரு தாயின் பிள்ளை. குளிரில் அவன் கால் விரல்கள் கருகிப்போவது பகைவனால் அன்று, தன் நாட்டுக் காரியாலயத்து அசிரத்தையால் என்றால், அதை வரலாறு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியுமா?

நமது துறைமுகம் கண்டது

இறக்கக்கண்டிக்குத் தெற்கேதான் உலகப் புகழ்பெற்ற திருகோணமலைத் துறைமுகம் இருக்கின்றது. பிரித்தானியர் தமது கடற்படைக்காக இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனக்குடாவை அண்டிப் பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளை அமைத்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. அவற்றுள் 99 தாங்கிகள் இன்றும் காட்டினிடையே நிற்கின்றன. பணத்திற்கோ திட்டத்திற்கோ குறைவில்லை. ஆனால் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் நிகழ்ந்தது என்ன?

அன்று காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வருகின்றதென்ற எச்சரிக்கை கிடைத்தபடியால், 'ஹேர்மீஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் முதல்நாளே துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தது. விமானந்தாங்கியாகவே ஆரம்பத்திலிருந்து வரைந்து கட்டப்பட்ட முன்னோடிக் கப்பல் அது. ஆனால் அன்று அதில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை! வேறொரு நடவடிக்கைக்கு ஆயத்தம் செய்யும் பொருட்டு, அதன் விமானங்கள் கரையில் இறக்கப்பட்டிருந்தன. மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் அக்கப்பலைக் கண்டுகொண்டனர். உதவி வேண்டிக் கப்பல் செய்தி அனுப்பிற்று. கரையிலிருந்து போர்விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் கடலுக்கடியிற் சென்றுவிட்டது. தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர்.

நியாயமாகச் சொல்வதானால், அக்கப்பலுக்குரிய விமானங்கள் கடற்கணை வீசுவன. எதிரி விமானங்களுடன் வானிற் பொருதக்கூடியவை அல்ல. அவை கப்பலில் இருந்திருந்தாலும் விதி மாறியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. வேண்டியிருந்தவை போர்விமானங்கள். அவையும் இலங்கையில் இருந்தன. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் இருக்கவில்லை.

பச்சைக் காப்பிக்கொட்டை

இக்குறை 1942இல் தோன்றியதன்று. அதற்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், கருங்கடலை அடுத்த கிரிமியாவில் பிரித்தானியச் சேனை ருசியருடன் பொருதியது. சேனையின் துறைமுகம் பலக்லாவா. வீரர்கள் முகாமிட்டிருந்ததோ சில மைல்களுக்கு அப்பாலுள்ள மேட்டுநிலத்தில். 1854ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் வீசிய கொடும் புயலில் 'பிரின்ஸ்' என்னும் கப்பல் குளிர்கால உடைகளுடன் மூழ்கியது. அது இயற்கையின் செயல். அதற்குப்பின் நடந்ததற்கு இயற்கையைக் குறைசொல்ல முடியாது.

மற்றைக் கப்பல்கள் வந்தன. பலக்லாவாத் துறைமுகம் பொருள்களால் நிறைந்தது. ஆனால் மேட்டுக்குச் செல்லும் பாதை மழையிற் சேறாகிவிட்டது. வண்டி இழுக்கும் மிருகங்கள் தீனியின்றி மடிந்தன. கீழே உணவு அழுகிக்கொண்டிருக்க, மேலே வீரர்கள் பட்டினி கிடந்தனர். அவர்களுக்குக் காப்பி கொடுக்கப்பட்டது, எப்படித் தெரியுமா? வறுக்காத பச்சைக் கொட்டையாக! வறுக்கச் சட்டியில்லை, அரைக்கக் கல்லில்லை, எரிக்க விறகுமில்லை. காப்பி வழங்கியாயிற்று என்று ஏட்டிற் பதிந்தவருக்கு மாத்திரம் கடமை முடிந்துவிட்டது.

இன்னொன்றைக் கேளுங்கள். வீரர்களிடையே பல்லீறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கேர்வி நோய் பரவியிருந்தது. அதற்கு மருந்து எலுமிச்சஞ்சாறு என்பது கடற்படையினர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. 1854 டிசம்பரில் ஏறத்தாழ 20,000 இறாத்தல் எலுமிச்சஞ்சாறு பலக்லாவாவுக்கு வந்து சேர்ந்தது. 1855 பெப்ரவரி வரையில் அது வீரர்களுக்கு வழங்கப்படவில்லை. நாளாந்தப் பங்கீட்டில் எலுமிச்சஞ்சாறு சேர்க்கப்படவில்லையாகையால், அதை வெளியே எடுத்துக் கொடுப்பது தம் கடமையென்று எவரும் கருதவில்லை!

அந்த யுத்தத்தில் மாண்ட பிரித்தானிய வீரர்களில் ஏறத்தாழ 16,000 பேர் நோயினால் மடிந்தவர்கள். குண்டுபட்டு இறந்தோர் அவர்களிலும் மிகச் சிலரே. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் புகழை நாம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கின்றோம். ஆனால் அவர் விளக்கேந்தி நடந்ததைச் சொல்லும் நாம், அவர் கணக்கேடு ஏந்தி வாதாடியதைச் சொல்வதில்லை. சட்டை எத்தனை, போர்வை எத்தனை, எத்தனை பேர் எதனால் இறந்தனர் என்று எண்ணி எழுதியே அவர் அரசாங்கத்தை அசைத்தார்.

முடிவில் வழி பிறந்தது எவ்வாறு? 1855இன் தொடக்கத்தில் தனியார் ஒப்பந்தகாரர் வந்து, துறைமுகத்திலிருந்து மேட்டுக்குப் புகையிரதப் பாதையொன்றைச் சில வாரங்களிற் போட்டு முடித்தனர். களஞ்சியத்துக்கும் களத்துக்கும் இடையிலிருந்த சில மைல் தூரம்தான் அத்தனை உயிர்களையும் குடித்தது.

சணலிற் பிறந்த குடை

குறையை மட்டும் சொல்லிக்கொண்டு போவது அழகன்று. செவ்வனே செய்தவர்களும் உண்டு. 1943இன் பிற்பகுதியில் பர்மிய எல்லையில் பதினான்காம் சேனையின் பொறுப்பை ஏற்றவர் தளபதி வில்லியம் ஸ்லிம். அச்சேனையில் மிகப் பெரும்பாலார் இந்தியர். தமிழரும் அதிற் பணிபுரிந்தனர். அந்த யுத்தத்தை நடத்திய தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் நமது கண்டிக்கு மாற்றப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

ஸ்லிம் கண்ட முதற் பகைவன் ஜப்பானியன் அல்லன், நுளம்பு. 1943ஆம் ஆண்டில் காயமுற்றுக் களத்திலிருந்து அகற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் எதிராக 120 பேர் நோயினால் அகற்றப்பட்டதாக அவர் எழுதியிருக்கின்றார். கொயினாவின் ஊற்றாகிய ஜாவா ஜப்பானியர் கையில் வீழ்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக மெபகிறீன் என்ற மாத்திரை கிடைத்தது. மாத்திரையை வாங்கி அனுப்பியதோடு தம் வேலை முடிந்ததென்று ஸ்லிம் இருந்துவிடவில்லை. அது வீரனுடைய வாய்க்குட் செல்கின்றதா என்று எதிர்பாராத நேரங்களிற் சோதிக்கச் செய்தார். சோதனையிற் குறை கண்ட அணிகளின் தலைவர்கள் மூவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அதன்பின் மற்றையோர் விழித்துக்கொண்டனர், மலேரியாவும் குறைந்தது.

அடுத்த இடையூறு பாதை. மலையும் காடுமான அந்நாட்டில் பொருள்களை விமானத்திலிருந்து பரசூட் குடைகள் மூலம் இறக்க வேண்டும். பட்டுக்கும் நைலோனுக்கும் எங்கே போவது? ஸ்லிம்மும் அவருடைய நிர்வாக அதிகாரி ஸ்னெல்லிங்கும் கல்கத்தாச் சணல் ஆலைகளை நாடினர். சாக்குத் துணியில் பரசூட் பிறந்தது! மனிதர் குதிப்பதற்கு அது ஏற்றதன்று. ஆனால் அரிசி மூட்டைக்கும் மருந்துப் பெட்டிக்கும் போதுமானது. சாதாரணக் குடைக்கு இருபது பவுண் செலவாகுமாயின், சணற் குடைக்கு ஒரு பவுண் மட்டுமே. 1944இல் இம்பால் முற்றுகையிடப்பட்டபோது அங்கிருந்தோர் வான்வழி வந்த பொருள்களைக் கொண்டே மாதக்கணக்கில் நின்று வென்றனர்.

கையில் இருப்பதைக்கொண்டு, கடைசி மனிதன் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே நிர்வாகம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் அறியேன்.

நம்கா சூவில் நடந்தது

பர்மியக் காட்டுக்கு வடமேற்கே, அதே இமயத்தொடரின் கிழக்கு அந்தத்தில், பதினெட்டே ஆண்டுகளின் பின் இப்பாடம் முற்றாக மறக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். இந்திய, சீன எல்லை. தக் லா மலைமுகட்டின் அடியில் நம்கா சூ என்றொரு சிற்றாறு ஓடுகின்றது. அவ்விடத்தைக் காக்குமாறு பிரிகேடியர் ஜோன் தால்வியின் 7ஆவது காலாட்படைப் பிரிகேட் அனுப்பப்பட்டது. அப்பிரிகேட் சேர்ந்திருந்த 4ஆவது டிவிஷன், மூன்று ஆண்டுகளுக்கு முன்வரை பஞ்சாப் சமவெளியில் இருந்து பழகியது.

மோட்டார் வண்டி செல்லும் பாதை வெகுதூரம் முன்பே முடிந்துவிட்டது. அதற்கப்பால் பதினாயிரம் அடிக்கும் மேற்பட்ட கணவாய்களைக் கால்நடையாகவே கடக்க வேண்டும். வீரர்களிற் பலர் வெயிற்காலத்துப் பருத்தி உடையுடன் சென்றனர். தலைக்கு ஒரு கம்பளி. காலில் பனிக்கு ஏலாத பாதணி. கையில் .303 துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடவேண்டிய பழைய ஆயுதம் அது. எதிரிகளிடமோ தானே குண்டேறும் துப்பாக்கிகள் இருந்தன. நம்மவர் பையில் ஆளுக்கு ஏறத்தாழ 50 தோட்டாக்கள். பீரங்கித் துணை பெயரளவே.

விமானங்கள் வந்து பொருள்களைப் போட்டன. ஆனால் போடத்தக்க இடமோ மலையுச்சியிலுள்ள ஒரு குறுகிய மேடை. மூட்டைகளிற் பெரும்பங்கு பள்ளத்தாக்குகளில் உருண்டு மறைந்தது. பழுதுபார்த்து மீண்டும் மீண்டும் உபயோகிக்கப்பட்ட குடைகள் சில விரியவேயில்லை. கீழே நின்ற வீரன் தன் சட்டையும் உணவும் கண்ணெதிரே பாதாளத்தில் வீழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒக்டோபர் 20ஆம் நாள் விடியற்காலையில் சீனர் தாக்கினர். சில மணி நேரத்துக்குள் அப்பிரிகேட் சிதறிப்போயிற்று. இரண்டாவது ராஜபுத்திர அணி மட்டும் ஐந்நூறு பேருக்குச் சற்று மேற்பட்டோரில் ஏறத்தாழ 280 பேரைப் பலி கொடுத்தது. அவர்கள் ஓடிப்போனவர்கள் அல்லர். தோட்டா தீரும்வரை நின்றவர்கள். தால்வி தாமே சிறைப்பட்டு, 1963 மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார். பின்னர், 1969இல், நடந்தவற்றை நூலாக எழுதினார்.

இந்தியா முழுவதும் அதிர்ந்தது. பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன் பதவி விலக நேர்ந்தது. பெண்கள் காதணியையும் வளையலையும் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தனர். வீடு வீடாகக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினர். அந்த அன்பை எண்ணும்போது இன்றும் நெஞ்சம் நெகிழ்கின்றது. ஆனால் நம்கா சூவில் விறைத்துக் கிடந்தவர்களுக்கு அந்தக் கம்பளி வந்து சேரவில்லை.

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருகின்றேன். தோல்வியை ஆராய ஹென்டர்சன் புரூக்ஸ், பகத் என்னும் இரு அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். அவர்களுடைய அறிக்கை முழுமையாக வெளியிடப்படவில்லை. ஆயினும் மேனனுக்குப்பின் மந்திரியான சவான் 1963 செப்டெம்பரில் அதன் சாரத்தைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார். தளபாடங்களுக்குப் பொதுவாகவே தட்டுப்பாடு இருந்தது என்று ஒப்புக்கொண்ட அவர், இன்னொன்றையும் சொன்னார். பல பொருள்கள் நாட்டில் எங்குமே இல்லாதிருந்தன என்பதன்று. சமவெளியின் கடைசி எல்லை வரைக்கும் அவை வந்து சேர்ந்தன. அங்கிருந்து முன்னணியிற் போரிடுவோரிடம் காலத்திற் கொண்டு சேர்ப்பதே முடியாமற் போயிற்று என்பதே அதன் கருத்து.

பலக்லாவாவில் நிகழ்ந்ததும் இதுவே அன்றோ? இறக்கக்கண்டி முதியவர் சொன்னதும் இதுவே அன்றோ?

ஒரு சப்பாத்தின் யாத்திரை

"இவ்வளவு எளிய காரியம் ஏன் பிழைத்துப்போகின்றது?" என்று வாசகர் கேட்கலாம். ஒரு சோடிச் சப்பாத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். முதலில், எத்தனை சோடி, எந்த அளவு என்று படைப்பிரிவு தேவைப் பட்டியல் எழுதவேண்டும். தோல் எப்படி, அடிப்பாகம் எப்படி என்று தரத்தை ஒருவர் நிர்ணயிக்க வேண்டும். நிதி அதிகாரி பணம் ஒதுக்க வேண்டும். பிறகு கேள்விப்பத்திரம் கோரி, மாதிரி பார்த்து, ஒப்பந்தம் எழுதி, வந்த பொருளைப் பரிசோதித்து, களஞ்சியத்தில் ஏற்று, வண்டியில் அனுப்பி, இறுதியில் வீரனிடம் கையொப்பம் பெற்றுக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழப் பத்து மேசைகள்!

பத்து மேசைகளில் உள்ளவர்களும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஒவ்வொருவரும் ஒரு மாதம் சுணங்கினாற்கூட, குளிர்காலம் முடிந்தபின்னரே சப்பாத்து வந்து சேரும். மிகக் குறைந்த விலையே தகுதி என்று கொண்டால், மூன்றாம் நாள் அடி பிரியும் சப்பாத்து வரும். விதியைத் தளர்த்தினாலோ, கையூட்டு உட்புகும். அவசரம் வந்தபோது வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதுவும் பலிப்பதில்லை. 1999ஆம் ஆண்டுக் கார்கில் யுத்தத்துக்கென அவசரமாகக் கேட்கப்பட்ட பொருள்களிற் பெரும்பகுதி, யுத்தம் முடிந்த பின்னரே வந்து சேர்ந்ததாக இந்தியக் கணக்காய்வுத் தலைமை அதிகாரி பின்னாளிற் சுட்டிக்காட்டினார்.

பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1984 முதல் இந்திய வீரர்கள் சியாச்சின் பனியாற்றில் காவல் நிற்கின்றனர். 2020 பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்காய்வு அறிக்கை, உயர்ந்த பனிமலைகளில் நிற்போருக்குரிய பனிக் கண்ணாடிகளில் 62 முதல் 98 வீதம் வரை பற்றாக்குறை இருந்ததென்றது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டெம்பர் வரை புதிய பல்நோக்குச் சப்பாத்துகள் வழங்கப்படாமல், பழையனவற்றையே திருத்திக் கொடுக்க நேர்ந்தது என்றும் கூறியது. பனியில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைக் குருடாக்க வல்லது. அங்கே கண்ணாடி என்பது அலங்காரப் பொருளன்று.

ஆனால் இதில் ஆறுதலும் ஒன்றுண்டு. அக்குறையை வெளிப்படுத்தியவன் பகைவன் அல்லன், அந்நாட்டின் கணக்காய்வாளனே. கிரிமியாவிலும் மக்னீல், துலொக் என்னும் இருவர் நேரிற் சென்று ஆராய்ந்து எழுதியபின்னரே எலுமிச்சஞ்சாற்றின் கதை உலகுக்குத் தெரிந்தது. உண்மையை எழுதி வைப்பவன் இருக்கும் வரையில் திருந்துவதற்கு வழி உண்டு.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் மாணவர்களே! உங்களிற் சேனைக்குச் செல்பவர் மிகச் சிலராகவே இருப்பர். ஆனால் லிகிதராக, களஞ்சியப் பொறுப்பாளராக, கணக்காளராக, பொறியியலாளராக வரப்போகிறவர்கள் பலர். உங்கள் முன்னே ஒருநாள் ஒரு கடதாசி வரும். மருத்துவமனைக்கு மருந்து, பாடசாலைக்கு மேசை, வெள்ளத்தில் அகப்பட்டோருக்குப் போர்வை என்று ஏதோ ஒன்று அதில் எழுதியிருக்கும். 'அனுப்பியாயிற்று' என்று குறித்துக் கையொப்பமிட்டுவிட்டு, தேநீருக்கு எழுந்து செல்லலாம். விதிப்படி உங்கள் மீது எவரும் குற்றம் காணமாட்டார். பலக்லாவாவிலும் விதிப்படி எவர் மீதும் குற்றமில்லை.

அன்றேல், 'போய்ச் சேர்ந்ததா?' என்று இன்னொரு கேள்வி கேட்கலாம். அந்த ஒரு கேள்வியை ஸ்லிம் கேட்டார். நம்கா சூவுக்கு அனுப்பியவர்கள் கேட்கவில்லை.

அன்று மாலை, பேரன் கத்தியுடன் ஓடி வந்தான். முதியவர் அதை வாங்கி, முனையை விரலாற் சோதித்து, இடுப்பிற் செருகிக்கொண்டார். பிறகுதான் தோணி நீரில் இறங்கிற்று. என்னுடன் வந்த மாணவன் சிரிக்கவில்லை. திரும்பும்போது பேருந்து நிலையத்தில், "ஐயா, நாளைய நடைமுறைப் பரீட்சைக்கு வேண்டிய கருவிப்பெட்டி விடுதியிலேயே இருக்கிறது, இன்றிரவே எடுத்து வைத்துவிடுகிறேன்" என்றான்.

பாடம் நடத்தியவர் நான் அல்லேன். அந்தக் கடற்கரைப் பெரியவரே.